செல்லாயி அக்காவுக்கு வைத்த பூ

புந்தோங், ஈப்போ.

என்றும் என் வணக்கத்துக்குரிய மூத்த அக்கா செல்லாயி அவர்களுக்குத் தம்பி பத்துமலை எழுதுவது. இங்கே நானும் நவமணியும் பிள்ளைகளும் சுகம். தஞ்சோங் மாலிமில் நீங்கள் சுகமாக, முக்கியமாக உயிரோடு, இருப்பதில் எங்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஒன்பது நாளாக நீங்கள் என் போனை எடுக்காததால்தான் பேனாவை எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எல்லாம் உங்கள் தம்பி மனைவியின் கைப்பேசியில் தொடங்கியது. வேலையிலிருந்து நின்றதும் நவமணி வீட்டையும் ஊரையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். மீன் குழம்பு கொதிப்பதைப் படம் பிடித்த பிறகுதான் எனக்குச் சோறு. பேத்திக்குக் காது குத்தியபோது அழுகை சரியாக விழவில்லை என்று, "கண்ணு, இன்னொரு வாட்டி அழுலா," என்று கெஞ்சினாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை இரண்டு முறை காரிலிருந்து இறங்க வைத்தாள். நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், பசியோடு.

இரண்டு வாரத்துக்கு முன் நம் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. நாம் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. அப்படியும் எண்பது பேர் வந்துவிட்டார்கள். கோயில் மரத்தடியைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம். விடிவதற்கு முன் கங்காணி அப்பா அங்கே நின்று பெரட்டுக்கு, அன்று வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்க, பெயர் கூப்பிடுவார், நீங்கள் ரப்பர் பால் வாளியோடு வரிசையில் நின்று "இருக்கேன்!" என்று கத்துவீர்கள். அதை நவமணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "நீங்க கூப்புடுங்க, நான் எடுக்கிறேன்," என்று போனைத் தூக்கிவிட்டாள்.

அப்பாவின் வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஆள் "இருக்கேன்!" என்றால் கைதட்டல். காலமானவர்கள் பெயருக்குப் பதில் வராதல்லவா, அதற்குப் பூசாரி மனைவி கலாதேவி ஆளுக்கொரு பூவைத் தட்டில் வைத்தாள். எல்லோரும் கண் கலங்கிவிட்டோம். அந்த வேகத்தில் உங்கள் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். நீங்களோ மூட்டுவலி என்று வரவில்லை. பதில் இல்லை. கலாதேவி பூவை வைத்துவிட்டாள். நான் பார்த்தேன், அக்கா. ஆனால் நிறுத்தினால் வரிசை மறந்துவிடுமோ என்ற பயத்தில் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன், பாவி.

நவமணி அதைப் போட்ட மறுநாளே நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே ஒரே இரங்கல். "அக்கா உயிரோடு இருக்கிறார்," என்று நானே எழுதினேன். "ஆமாண்ணே, நம்ம மனசுல எப்பவும் இருப்பாங்க," என்று பதில் வந்தது. காம்பாரிலிருந்து ரோஜா மாலையோடு வேனில் வந்தவர்களுக்கு நீங்களே கேட்டைத் திறந்தீர்களாமே! ஒரு பெரியவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்லா," என்றாராம். உங்கள் மகன் தனேஷ் சொல்லிச் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கிற எனக்குப் பூ வச்சியாடா? அந்த வீடியோவ அழிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேசாத!" என்று வைத்ததுதான் கடைசி.

இன்று காலை அழித்தாயிற்று. இனி போனைக் கையில் எடுத்துப் படம் பிடிப்பதில்லை என்று நவமணி சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள்.

அழிக்கும் முன் அறுநூறு இரங்கலையும் படித்தேன். பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகையில் அழுதுகொண்டிருந்த தனக்கு உங்கள் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தீர்கள் என்று கடைக்கார பாய் மகன் நைனா முகம்மது எழுதியிருந்தார். பிரசவத்தில் படுத்திருந்த ஒருத்தியின் பால்மரங்களையும் சேர்த்து ஒரு மாதம் வெட்டினீர்களாம். இதெல்லாம் எனக்கே தெரியாது. உயிரோடு இருப்பவர்களுக்கு இப்படி யார் எழுதுகிறார்கள்? அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் நீங்கள். அதை நானும் ஒருநாள்கூட உங்களிடம் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது, அக்கா. மன்னித்துவிடுங்கள்.

மாரியம்மன் உங்களுக்கு நூறு வயதைக் கொடுக்கட்டும். செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுள் கெட்டி என்று பூசாரியும் சொல்கிறார். தனேஷுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

உங்கள் கால்தொட்டு வணங்கும்
தம்பி பத்துமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் போன். "டேய், அத அழிச்சிராத. கீழ எழுதியிருக்கிறத தனேஷ் தெனமும் படிச்சுக் காட்டுறான், இன்னும் பாதிகூட முடியலலா," என்கிறீர்கள்! உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, "சரிக்கா" என்று வைத்துவிட்டேன். சத்தியம் காற்றில் போயிற்று. எழுதியவர்களை மறுபடி சொல்ல வைத்து எடுக்க, சாயங்காலமே நவமணி என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் வீடு உங்களோடு பால்மரம் வெட்டிய ராக்காயி அக்கா. நீங்கள் இருப்பதைச் சொன்னதும், "செத்தவளுக்குன்னா எழுதலாம். இருக்கிறவ மூஞ்சிக்கு நேரா அதெல்லாம் எப்படிடா சொல்றது?" என்று கதவைச் சாத்தப் போனார். சாத்தவில்லை. "அவ எப்ப வாரா?" என்று மூன்று முறை கேட்டார். சனிக்கிழமை காரோடு வருகிறேன், அக்கா. கிளம்பி இருங்கள்.