இருநூற்றுப் பதினெட்டாவது மனு

2022 ஜூலை 4, திங்கட்கிழமை, காலை பத்தே முக்காலுக்குப் பெரியகருப்பன் தன் இருநூற்றுப் பதினேழாவது மனுவைக் கொடுத்தார். மாதத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு வருஷம். இடையில் எத்தனையோ ஆட்சியர்கள் மாறினார்கள். மனுவில் ஓர் எழுத்து மாறவில்லை. குடகனாற்றிலிருந்து தாழங்குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, தூர்வாரித் தண்ணீர் விட வேண்டும். குளம் நிறைந்தால் அவர் கிணறு ஊறும். கிணறு ஊறினால் நாற்பத்தொரு தென்னை பிழைக்கும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்தார்கள். ரசீதுகளை அவர் கம்பியில் குத்தி வைத்திருந்தார். தோப்பில் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ள அந்தக் கம்பி ஒன்றுதான் இருந்தது.

அடுத்த மனுவுக்கு நாள் வருமுன் அரசு தாழங்குளத்தைத் திரும்பிப் பார்த்தது. வட்டாரப் பொருளாதார மேம்பாட்டை முன்னிட்டு அங்கே நன்னீர்ச் சரக்குத் துறைமுகம் ஒன்றை அமைப்பதற்கான முதலீட்டுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டிருப்பதாகக் கரையில் பலகை நட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் மேசை. மேசைக்குப் பின்னால் துறைமுகத் தனி அலுவலர் பானுப்ரியா.

"மேடம், குளத்துல தண்ணி இல்லையே?" என்றார் பெரியகருப்பன்.

பானுப்ரியா வரைபடத்தை விரித்தார். "அய்யா, பாருங்க. இங்கருந்து குடகனாறு. குடகனாறு அமராவதில சேருது. அமராவதி காவிரில, காவிரி கடல்ல. இந்த நீலக் கோடு எங்கயாச்சும் அறுந்திருக்கா?"

"கோடு அறுந்துபோகலை மேடம். தண்ணிதான்..."

"கோடு எங்க துறை. தண்ணி வேற துறை."

பெரியகருப்பன் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். யோசனை முடிந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "இம்புட்டுச் செலவு பண்ணித் துறைமுகத்தைக் கட்டிப்புட்டு, தண்ணி விடாம இருக்க முடியுமா? கப்பல் வருதோ இல்லையோ, தண்ணி வந்தே தீரணும். இனி மனு எதுக்கு?" என்றார் மனைவி சுந்தரம்மாளிடம்.

"பஸ் ஸ்டாண்டு கட்டுனாங்களே, பஸ் வந்துச்சா?" என்றார் சுந்தரம்மாள்.

இருந்தும் அவர் அடிக்கல் நாட்டு விழாவில் விவசாயிகள் சார்பில் நன்றி சொன்னார். கொஞ்சம் கண்ணீரும் விட்டார். தாழங்குளத்தில் பல வருஷத்துக்குப் பிறகு விழுந்த ஈரம் அது.

குளத்துக்குள் இருநூறு அடி நீளத்தில் சிமென்ட் மேடை எழும்பியது. கப்பலைக் கட்ட நட்ட இரும்புத் தூண்களில் ஆடு கட்டினார்கள். எட்டு மாதம் மாதாந்திர அறிக்கையில் 'கையாளப்பட்ட சரக்கு: இல்லை' என்று எழுதி எழுதிப் பானுப்ரியா இளைத்துப்போனார். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் மீரான், பெரியகருப்பனை டீக்கடையில் எப்போது பார்த்தாலும் விடுவதில்லை. "என்ன மாப்ள, கப்பல் எத்தனை மணிக்கு? டிக்கெட் போட்டு வையி. ஜன்னலோரம்."

2024 தை மாதம் பெரியகருப்பன் அறுத்த மக்காச்சோளத்தைக் காயப்போட ரோட்டில் இடம் இல்லை. முந்திக்கொண்டவர்கள் செம்பட்டி வரைக்கும் பரப்பியிருந்தார்கள். நாற்பது மூட்டையையும் டிராக்டரில் ஏற்றித் துறைமுக மேடையில் கொட்டினார். பத்தே நிமிஷத்தில் பானுப்ரியா வந்து நின்றார்.

"யாரோடது இது?"

"என்னோடதுதான் மேடம். செத்த நேரத்துல அள்ளிர்றேன்."

"அள்ளாதீங்க! இது வெளியிலருந்து வந்து இங்க இறங்குச்சா?"

"டிராக்டர்ல வந்துச்சு."

"மறுபடி ஏறிப் போகுமா?"

"காஞ்சாப் போகும்."

"எல்லைக்குள்ள வந்து இறங்கி, ஏறிப் போனா அது கையாளப்பட்ட சரக்கு. விதியில கப்பல்ங்கிற வார்த்தையே இல்லை. அய்யா, துறைமுகம் இயங்குது!"

நாலு நாள் கழித்து மூட்டைகளை எடை போட்டபோது இன்னொரு சிக்கல் வந்தது. நாற்பது வந்தது, முப்பத்தைந்தரைதான் போனது.

"மீதி எங்க?"

"ஈரம் போயிருச்சு மேடம்."

"ஈரம்னா?"

"தண்ணிதான்."

பானுப்ரியா நிம்மதியாக எழுதினார்: 'நீர்வழிச் சென்ற சரக்கு: நாலரை மூட்டை.'

அதன்பிறகு துறைமுகத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. வத்தலக்குண்டு வரை உள்ள டிராக்டர்கள் வரிசை கட்டின. செம்பட்டியில் 'ஹார்பர் பிரியாணி' திறந்தது. கருவேலங்காட்டில் 'போர்ட் வியூ நகர்' கல் ஊன்றியது. மாப்பிள்ளைகள் கப்பல் மாதிரி ஜோடித்த வண்டியில் மண்டபத்துக்கு வந்தார்கள். மீரான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்ள, உப்புத்தோல் காயப்போட அந்த மூலையில பத்தடி ஒதுக்கிக் குடு" என்று கேட்டார். ஒதுக்கினார் பெரியகருப்பன். ஏனென்றால் அவர்தான் இப்போது துறைமுகச் சரக்குக் கையாள்வோர் நலச் சங்கத் தலைவர். அடையாள அட்டையைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. தொடங்கிய நாள் முதல் ஒரு கப்பல்கூட மூழ்காத துறைமுகம் என்று தாழங்குளத்துக்குக் கேடயம் கிடைத்தது. மேடையேறி வாங்கியவரும் அவரே. மனு எழுதுவதை எப்போதோ விட்டிருந்தார். தென்னை இருபத்தாறாகியிருந்ததைச் சுந்தரம்மாள் சொல்லித்தான் கவனித்தார்.

2024 அக்டோபரில் குடகனாற்றில் வெள்ளம் வந்தது. கூடவே கடிதமும் வந்தது. தங்களது இருநூற்றுப் பதினேழாவது மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, வாய்க்கால் தூர்வாரப்படுகிறது, நவம்பர் முதல் வாரம் குளத்துக்குத் தண்ணீர் திறக்கப்படும். பெரியகருப்பன் மூன்று முறை படித்தார். சுந்தரம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் பானுப்ரியா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"அய்யா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! தண்ணி வந்தா மேடைக்கு மேல நாலடி நிக்கும்."

"அதெப்படி மேடம்? துறைமுகம்னா..."

"அளவெடுத்தப்ப குளம் காஞ்சு கிடந்துச்சு. காஞ்ச தரைக்குத்தான் திட்டம் போட்டோம். துறைமுகம் முழுகிரும். உங்க மனு, நீங்கதான் நிறுத்தணும்."

சங்கம் கூடியது. பொருளாதார மேம்பாட்டுக்கு ஊறு விளைவிக்கும் வகையில் துறைமுக எல்லைக்குள் தண்ணீர் அத்துமீறி நுழைவதைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் ஆனது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினெட்டு வருஷம் அவர் மனுக்களின் அடியில் தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். மீரானுக்கு அந்தக் குளத்தில் ஒரு சென்ட் ஆயக்கட்டு இல்லை; அவரும் போட்டார். சுந்தரம்மாள் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"போடு புள்ள. தண்ணி எப்ப வேணாலும் வரும். துறைமுகம் வருமா?"

"தென்னை உங்ககிட்ட என்ன கேட்டுச்சு? கப்பலா?"

பெரியகருப்பன் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு கிளம்பினார். நவம்பர் 4, திங்கட்கிழமை, பத்தே முக்காலுக்கு இருநூற்றுப் பதினெட்டாவது மனுவைக் கொடுத்தார். வாங்கியவர் படித்தார், எழுந்து உள்ளே போனார், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"போயிட்டு வாங்க அய்யா."

"ரசீது?"

"ரசீது எதுக்கு? உத்தரவே போட்டாச்சு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பொக்லைன்கள் வந்தன. தண்ணீர் அதற்குள் வாய்க்காலில் பாதித் தூரம் வந்துவிட்டிருந்தது. தலைமதகில் மண் விழுந்ததும் கொஞ்ச நேரம் சுழன்று நின்றது. பிறகு வடக்கே திரும்பி, வரைபடத்தில் உள்ளபடி, அமராவதியைப் பார்த்துப் போனது. பெரியகருப்பன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அவருடைய மனு ஒன்றின் மேல் அரசு இவ்வளவு வேகம் காட்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். மேடையில் மீரானின் தோல் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை, தாழங்குளத்துக்குத் தண்ணீர் கேட்டுச் சுந்தரம்மாள் தன் முதல் மனுவைக் கொடுத்தார். தென்னை பத்தொன்பது என்று அதில் குறிப்பிட்டிருந்தார். ரசீது வழங்கப்பட்டது.