என்கொயரி வாயை மூடிய கதை

அந்தமான் தீவுகள் முழுக்கத் தேடினாலும் என்கொயரியைப் போல் அடுத்தவர் பேச்சைக் கேட்காத மனிதன் கிடைக்கமாட்டான். காதில் கோளாறு இல்லை. டாலிகஞ்ச் வீட்டில் படுத்துக்கொண்டே, பத்துபஸ்தி பக்கம் விமானம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசினால் மட்டும் கேட்காது.

நாங்கள் இருவரும் போர்ட் பிளேயரில் ஜெட்டி அருகே ஒரு சின்ன டிக்கெட் ஏஜென்சியில் வேலை பார்த்தோம். நான் படிவம் நிரப்புவேன். அவர் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து கப்பல் நேரம் சொல்வார். அதனால் பெயர் என்கொயரி. உண்மைப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

இருபத்தைந்து வருடம் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவர். ஆள் ஜன்னலுக்கு வந்து வாயைத் திறந்ததுமே பதில் வந்துவிடும். முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் இருக்கும். அதுதான் கேடு.

ஒருநாள் ஒரு பெங்காலிக்காரர் ஓடி வந்தார்.

"தாதா, ஆப்கா ஸ்கூட்டர்..."

"ஹட் பே, கல் சுபே சாத் பஜே. ஆதார் ஜெராக்ஸ் தோ!"

"அரே, ஸ்கூட்டர் மே ஆக்..."

"ஆக் வாக் குச் நஹி, லைன் மே ஆவ்!"

உங்கள் ஸ்கூட்டர் எரிகிறது என்று சொல்ல வந்த புண்ணியவானை, ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலுக்கு வரிசையில் நிற்க வைத்தார். டயர் கருகும் நாற்றம் ஜன்னலுக்குள் வந்த பிறகுதான் எழுந்தார்.

என் அப்பா இறந்த அன்று வீட்டுக்கு வந்தார். "அண்ணே, அப்பா..." என்று ஆரம்பித்தேன். "பிரஷர்தானே? எனக்கும் இருக்கு. உப்பைக் குறைக்கச் சொல்லு" என்றார். அப்பாவை அந்த அறையிலேயே கிடத்தியிருந்தோம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்த எங்களையும் செருப்பால் அடிக்கலாம்.

அவருக்கு ஒரே தங்கை, செல்வி. கப்பலில் இரண்டு மூன்று நாள் தள்ளி, தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் போனில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, கப்பல்ல..."

"புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஐடி கார்டு மறந்துராதே. இங்க கூட்டமா இருக்கு, வை."

அவ்வளவுதான். அவள் கேட்க வந்தது வேறு. நெஞ்சுவலி. அங்கே டாக்டர் உடனே போர்ட் பிளேயர் போகச் சொல்லியிருந்தார். மறுநாள் ஹெலிகாப்டரில் ஒரே ஒரு சீட் கிடைத்திருந்தது. தனியாகப் போகப் பயம். ஹெலிகாப்டரில் வரட்டுமா, புருஷனோடு கப்பலில் வரட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அண்ணன் புதன்கிழமை என்றார். புருஷன் எவ்வளவோ சொல்லியும் ஹெலிகாப்டர் சீட்டை விட்டுவிட்டாள். கப்பல் கிளம்பிய இரண்டாம் நாள், கடலிலேயே இறந்துபோனாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தபோது என்கொயரி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்: "இந்த வாரம், எதிராளி முடித்ததும் மூன்று எண்ணிய பிறகே பதில். அடுத்த வாரம் ஐந்து." சாயங்காலமானால் அன்றைய கணக்கு எழுதுவார். "இன்று பதினொரு பேர் பேச்சை வெட்டினேன். நாலு பேரை, பதில் தெரிந்த திமிரில். கைக்குழந்தையோடு வந்தவள் முகத்தைப் பார்க்கவே இல்லை."

மனதுக்குள் எண்ண அவருக்கு வராது. விரலை மடக்கி எண்ணினார். வரிசை ரோட்டுக்குப் போனது. "அங்கிள், சோ கயே க்யா?" என்று தூங்கிவிட்டாரா என்று கத்தினார்கள். வாய் தானாகத் திறந்துவிடுகிறதே என்று ஒரு முழு நெல்லிக்காயை அதக்கிக்கொண்டார். ஒரு தெலுங்கு காண்ட்ராக்டர் கப்பல் நேரம் கேட்டார். என்கொயரி நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கி, "அவுர் குச் போல்னா ஹை? வேற ஏதும் சொல்லணுமா? அவசரமில்ல" என்றார். காண்ட்ராக்டர் மிரண்டுபோய் என்னிடம் வந்து, "இவருக்கு ஒடம்பு சரியில்லையா ஜி?" என்று கேட்டார்.

முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். இவர் கண் கொட்டாமல் கேட்ட கேட்பில், முதலாளி பாதியில் திட்டை விட்டுவிட்டு, மெயின்லேண்டில் இருக்கும் மகன் போன் பண்ணுவதே இல்லை என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "செத்தவ திரும்பி வரப்போறாளாண்ணே? இப்ப என்ன எழவுக்கு இந்த நோட்டு?" என்று கேட்டேன். விரல்கள் மடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று.

"வரமாட்டா. நீ சொல்லி முடிச்சிட்டியா தம்பி?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "மச்சான் பேச்சை முழுசாகக் கேட்க வேண்டும்." செல்வியின் புருஷன் ஒரு வருடமாக இவர் போனை எடுக்கவில்லை. நேரில் போகப் பயந்தார். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "நான் நடுவுல பேசினா என் காலை மிதி, போதும்."

கேம்பல் பேயில் மச்சான் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"என்னய்யா, டைம் சொல்ல வந்தியா? சீட்டைக் கையில வச்சிக்கிட்டுக் கெஞ்சினேன்யா. 'எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னா. உன் மேல அம்புட்டு நம்பிக்கை! ரெண்டு வார்த்தை கேக்க உனக்கு நேரமில்ல. பொணத்தை எறக்குறப்ப ஜெட்டிப் பக்கம்கூட வரலியேய்யா நீ!"

அது தப்பு. விடியும் முன்பே வந்து நின்றவர் இவர். கப்பல் கண்ணில் பட்டதும் மயங்கி விழுந்தார். தூக்கிப்போய் ஆட்டோவில் கிடத்தியது நான். எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், அன்னிக்கி இவரு..."

என்கொயரி என் காலை மிதித்தார். நன்றாக, நகம் பெயர மிதித்தார்.

மச்சான் திட்டித் தீர்த்தார். தொண்டை கட்டியது. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏதாச்சும் சொல்லேன்யா. என்னை ஏன் இப்படிக் கொல்ற?"

என்கொயரியும் எதிரே உட்கார்ந்தார். "கப்பல்ல அவ வேற என்ன சொன்னா மச்சான்?"

மச்சான் அவரையே பார்த்தார். ஒரு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கப்பல் சாம்பாரில் பருப்பே இல்லை என்றாளாம். டெக்கில் ஒரு நிக்கோபாரிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். வலிக்கிறதா என்று கேட்டால் சிரித்தாளாம். மச்சான் சொல்லச் சொல்ல என்கொயரி கேட்டார். சோறு ஆறிப்போனது. சாயங்காலம் ஆகிவிட்டது. ஒருமுறைகூட அவர் குறுக்கே பேசவில்லை. அழுதார், சத்தம் வராமல்.

இப்போது வேலையை விட்டுவிட்டு டாலிகஞ்சில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போகிறேன். அந்த ஆளோடு சண்டை போடத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். போகிற வழியில் மீன் வாங்கும்போது, அவருக்கு முள் ஆகாது என்று பார்த்து வாங்குகிறேன்.