செவப்புதான், தள்ளு

தெரியாமல் தப்பு செய்கிறவன் ஒரு முறைதான் அசிங்கப்படுவான். தெரிந்தவன் கதை அப்படியல்ல. அதே விஷயத்தை ஏற்கெனவே நாலு பேருக்குப் போதித்திருப்பான். அந்த நாலு பேர் முன்னாலும் தனித்தனியாக அசிங்கப்பட வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். செராமிக் டிப்ளமோ முடித்த முதல் ஆளும் நான். டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆளும் நானே. லைசென்ஸ் வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார். (அது போட்டோவில் சரியாக என் நெற்றியில் போய் விழுந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம். விருத்தாசலம் கடைத்தெரு முக்கில் அப்போதுதான் சிக்னல் வைத்திருந்தார்கள். மக்கள் அதைத் திருவிழா சீரியல் லைட்டு மாதிரி அண்ணாந்து பார்த்துவிட்டு, தங்கள் போக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் ஆள் அகப்பட்டால் போதும், சிவப்பு என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று வகுப்பு எடுத்துவிடுவேன். என்னைத் தூரத்தில் பார்த்ததும் சிலர் வேறு சந்தில் திரும்பிவிடுவதாகக் கேள்வி.

அப்பா பீங்கான் பொம்மைச் சூளையில் தீ போடுகிறவர். சூளைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து, உள்ளே இருக்கும் வெக்கையை நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். பள்ளி விடுமுறை முழுக்க நான் அவருக்கு விறகு தள்ளியிருக்கிறேன். அவர் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, திரும்பாமலே குரல் கொடுப்பார்.

"செவப்புதான், தள்ளு."

வெக்கை இன்னும் போதாது என்று அர்த்தம். தள்ளுவேன்.

"மஞ்சளாவுது, பாத்து."

கையை மெதுவாக்குவேன்.

"வெளுத்துடுச்சு. வுடு."

விட்டுவிட்டு வேப்பமர நிழலுக்கு ஓடுவேன். அந்தக் குரலுக்கு என் கை பழகிய அளவுக்கு, மூளை எந்தப் பாடத்துக்கும் பழகவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவர் பைக் சாக்கு போர்த்தி நின்றது. அக்கா சாவியைக் கொடுத்து, "ஒடைச்சா வாங்கிக் குடுத்துட்டுப் போ, ஒடையாம வந்தா டீ போட்டுத் தரேன்" என்றார். நண்பனிடம் இரவல் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டேன். சர்டிபிகேட் ஃபைலைப் பிடித்துக்கொள்ள அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். அந்த வேலை கிடைத்தால் அவர் சூளை வேலையை விட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். அவர் கண் அப்போதே பழுதாக ஆரம்பித்திருந்தது.

நாலு மாதம் தூங்கிய பைக் கிளம்ப மறுத்தது. உதைத்து, தள்ளி, கெஞ்சி ஒரு வழியாகக் கிளப்பியபோது நேரமாகிவிட்டது. கடைத்தெரு முக்குக்கு வந்தால் சிக்னல் சிவப்பு. நான் முறையாக நின்றேன். என்னைத் தவிர ஒருவரும் நிற்கவில்லை. பின்னால் அப்பா ஃபைலை மடியில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மணி ஆவுதுடா."

"இருப்பா."

அப்பா என் தோளுக்கு மேலே எட்டி விளக்கைப் பார்த்தார். அடுத்த நொடி, அந்தப் பழைய குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"செவப்புதான், தள்ளு."

என் கை முறுக்கிவிட்டது. சத்தியமாக நான் இல்லை, கை.

குறுக்குச் சாலையிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், என் மேல் மோதாமலிருக்க பிரேக் போட்டுச் சரிந்து விழுந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கரும்பு லாரி கிறீச்சென்று நின்றது. அந்தப் பெண் அழவில்லை. முட்டியில் ரத்தத்தோடு எழுந்து, "அண்ணா, செவப்பு எரியுதே, தெரியலையா?" என்று கேட்டாள். நான் எடுத்த வகுப்புகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோயின.

டிராபிக் எஸ்.ஐ. வந்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"குங்குமம்லாம் வெச்சிருக்க. சிக்னல மட்டும் பாக்க மாட்டியா?"

அப்பா குறுக்கே வந்தார். "அவன் மேல தப்பில்லீங்க. நாந்தான் தள்ளுன்னு சொன்னேன்."

"நீங்க யாரு?"

"தீ போடறவன்ங்க."

எஸ்.ஐ. ஓரடி பின்னால் நகர்ந்தார். சூளை, ஓட்டை, நிறம் என்று நான் விளக்கிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்பாவிடம், "சூளையில நீங்க தப்பா பாத்தா பத்து பொம்ம வெடிக்கும். இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் அந்தாண்ட வுழுந்திருந்தா?" என்றார்.

அப்பா திரும்பி லாரியின் டயரைப் பார்த்தார். போய் அந்தப் பெண்ணின் சைக்கிளை நிமிர்த்தி, கோணிப்போன ஹேண்டில்பாரை முட்டிக்கு நடுவில் வைத்து நேராக்கிக் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து முட்டியில் கட்டிவிட்டார்.

"கோர்ட்டுக்குக் கேசு எழுதறேன்" என்றார் எஸ்.ஐ. என்னிடம். "அதுக்கு முன்னால அரை மணி நேரம் இங்க நின்னு வண்டிங்கள நிறுத்து. செவப்புன்னா என்னான்னு உன் கைக்குத் தெரியட்டும்."

நின்றேன். டை கட்டிக்கொண்டு, நட்டநடு ரோட்டில். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பிறவி நான். சிவப்பில் நகரப் பார்த்த ஒரு வெள்ளைக் காரின் முன்னால் போய் நின்று, கையை நீட்டி, விளக்கைக் காட்டினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். பின் சீட்டில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பச்சை விழும் வரை நான் அசையவில்லை. அந்த நேரத்தில் ஒரு டவுன் பஸ் போனது. ஜன்னலில் மல்லிகா அக்கா. வாயைத் திறந்தபடியே போனார்.

இன்டர்வியூவுக்குத் தாமதமாகப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். அந்த வெள்ளைக் கார்க்காரர்.

அவர் என்னையும் டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைத்தான் முதலில் கேட்டார். "உங்க மேல போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா?"

"காலையில வரைக்கும் இல்லீங்க சார்."

"என் கார நிறுத்துனது நீங்கதானே?"

"செவப்பு எரிஞ்சிது சார்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "கேஸ முடிச்சிட்டு வந்து பாருங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பாதித் தெரு. மல்லிகா அக்கா நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கண்ணால பாத்தேன்க்கா. கைய நீட்டுறான், காருலாம் அப்படியே நிக்கிது."

அம்மா விபூதித் தட்டோடு ஓடி வந்தார். "போலீஸ் வேலையாமே. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியேடா. காக்கி எப்பக் குடுக்கறாங்க?"

நான் டையை அவிழ்க்க ஆரம்பித்தேன். அப்பாதான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அது டெம்பரவரி."

கோர்ட்டில் தப்பை ஒத்துக்கொண்டேன். அபராதம் போட்டார்கள். லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். அம்மாவுக்கு அபராதம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, குங்குமம் வைத்த அட்டையைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலை கிடைத்தது. பைக் ஓட்டத்தான் வழியில்லை. மூன்று மாதமும் அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, கம்பெனி வாசல் வரை மிதித்துக்கொண்டு போனார். டை கட்டிய சூப்பர்வைசர் பின்னால், தீ போடுகிறவர் முன்னால். கடைத்தெரு முக்கில் சிவப்பு விழுந்தால் அப்பா காலை ஊன்றி நிற்பார். சைக்கிளுக்கு எதற்கு என்று பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் முதுகு வியர்வையின் விறகுப்புகை வாசம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. முதல் சம்பளம் வாங்கிய மாதத்தோடு அவர் சூளைக்குப் போவது நின்றது.

அந்தச் சிக்னல் பிறகு பழுதாகி, வெறும் கம்பமாக நிற்கிறது. ஒரு கண்ணில் குருவி கூடு கட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் என் பெயர் இன்றும் டிராபிக்குதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "மாப்ள போலீஸ்ல இருந்து ஏன் நின்னுட்டாரு?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போகும்போது, விளக்கில்லாத அந்தக் கம்பத்தடியில் நான் ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறேன். பின்னால் அப்பா, நான் கேட்டுக்கொள்ளாமலே, 'தள்ளு' வெளியே வந்துவிடாதபடி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறார்.