ஆட்காட்டிக் குருவிக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு

ஒரு காட்டில், மற்ற கஷ்டங்கள் போதாதென்று, ஒரு கம்பெனியும் இருந்தது. அதற்கு மேலாளர் நரி. மான்களுக்குக் காவல் போடுவது கம்பெனியின் ஒரு பிரிவு. மான்களைப் பிடிப்பது இன்னொரு பிரிவு. இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, சம்பளம் ஒழுங்காக வந்தது.

காவல் பிரிவில் கோமளி என்ற ஆட்காட்டிக் குருவி இருந்தாள். சிறுத்தையின் மீசை தெரிந்தாலே காடு அதிரக் கத்துவாள். எட்டு மணி நேரம் வேலை, பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். அந்தத் தூக்கம் நரியின் கண்ணை உறுத்தியது.

"இனிமே எல்லாருக்கும் பன்னெண்டு மணி நேர ஷிப்டு. ஆனா வாரத்துல மூணு நாள் லீவு!" என்றது நரி.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். கோமளியும் சிறகைத் தட்டினாள், பாவம்.

லீவு நாளில் படுத்தால் தூக்கம் வரவில்லை. வேலையில் நின்றால் தூக்கம் போகவில்லை. நெஞ்சு படபடத்தது, புழுவைப் பார்த்தாலே குமட்டியது. கம்பெனி வைத்தியர் ஆந்தையிடம் போனாள்.

"உடம்புல ஒண்ணுமில்லம்மா. தூக்கம்தான் உன் வியாதி. அதைக் குறைச்சுக்கோ" என்றது ஆந்தை.

ஒரு விடியற்காலை புதருக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது. கோமளி கத்த வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது. போச்சு, மான்களும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நடுங்கினாள்.

சிறுத்தை தள்ளாடியது. "ஆத்தா, பிடிக்கிற பிரிவுல எனக்கும் அதே ஷிப்டுதான். கொஞ்சம் தள்ளிப் படு" என்று பக்கத்திலேயே சரிந்தது.

இரண்டும் குறட்டை விட்டன. மான்கள் அவற்றைத் தாண்டிப் போய் மேய்ந்தன. பிறகு தினமும் இதே கதைதான்.

'எட்டு மணி நேரமே போதும் ஐயா, இல்லேன்னா செத்துருவேன்' என்று சொல்லத்தான் கோமளி மாதக் கூட்டத்துக்குப் போனாள். அதற்குள் நரி அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டது.

"ஷிப்டை நீட்டின பிறகு ஒரு மான்கூட சாகல. எல்லாம் இவங்க விழிப்புதான்! அதனால இனிமே பதினாறு மணி நேரம்!"

மான்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டன. பிடிக்கும் பிரிவு என்ன ஆனது என்று கேட்க வேண்டிய சிறுத்தை பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, நான் முழிச்சிருந்ததே..." என்று ஆரம்பித்த கோமளி, பாதியிலேயே மாலைக்குள் முகம் புதைத்துத் தூங்கிவிட்டாள்.

"என்ன அடக்கம் பாருங்க!" என்றது நரி.

நீதி: எட்டு மணி நேரம் உழைத்தால் சம்பளம் வரும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் கழுத்துக்கு மாலை வரும். அதற்கும் மேல் உழைத்தால், மாலை படத்துக்கு வரும்.