அலைன்மென்ட் அண்ணனும் ஹார்பர் ட்ராக்கும்

நாமக்கல்லில் ஓடுகிற வண்டிகளில் ஒன்றுகூட நேராக ஓடவில்லை என்று மனதார நம்பியவர் அலைன்மென்ட் அண்ணன். லாரி, பஸ், கல்யாணக் கார், கோழித் தீவன வேன் எதற்கும் விலக்கு கிடையாது. பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "இது எடப்பக்கம் இழுக்குது, இது வலப்பக்கம்" என்று போகிற வண்டிக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வார். ஒருநாள் இறுதி ஊர்வல வண்டிக்கும் சொல்லிவிட்டார். கூட வந்தவர்கள் முறைத்ததும், "பொணத்தைச் சொல்லலீங்க, வண்டியத்தான் சொன்னனுங்க" என்று விளக்கம் வேறு கொடுத்தார்.

சக்கரங்களை நேர்செய்வது அவர் தொழில். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவர் பட்டறைக்கு எதிர் மாடியில் நானும் என் மனைவி சுமதியும் கேம் சென்டர் நடத்துகிறோம். மூன்று சீட். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டியரிங், காலுக்குப் பெடல், எதிரே பெரிய டிவி. கார் பந்தயம் மட்டும்தான். ஓட்டுவதில் சுமதி கெட்டிக்காரி. நான் லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது இரண்டு முறை காலை ஊன்றியவன், கல்லாவோடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் முதல்முறை மாடியேறி வந்தபோது பட்டறைக் கை கழுவிய சோப்பு வாசனையோடு வந்தார். சிவப்புக் கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பந்தயம் தொடங்கியது. மற்ற கார்களெல்லாம் பறந்துபோக, இவர் நிதானமாக நாற்பதில் போய், திடீரென்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கார் நேராகப் போய் ஒரு மரத்தில் மோதியது.

"அண்ணா, ஏனுங்க கையை எடுத்தீங்க?"

"கையை வச்சிருந்தா நாந்தான ஓட்டறேன். வண்டி எப்படி ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

"இது விளையாட்டுங்கண்ணா."

"வண்டிதானுங்க?"

அடுத்த ஆட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வண்டிகளைச் சோதிக்க அவருக்கு ஒரு ட்ராக் வேண்டியிருந்தது. அந்த விளையாட்டில் ட்ராக்குகள் ஏராளம். ஒரு மாதம் தினமும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், பெண் பார்ப்பதுபோல. பனிமலை ட்ராக்கில் எல்லோரும் சொக்கிப்போவார்கள். "இதுல மலைதான் தெரியுது, வண்டி தெரியல" என்று தள்ளிவிட்டார். வட்டமாகச் சுற்றும் ட்ராக்குக்கு, "ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டிருந்தா அடுத்த பக்கத்த யாரு பாக்கறது?" என்றார். ஊருக்குள் ஓடும் சிட்டி ட்ராக்தான் எங்கள் கடையில் எல்லோருக்கும் பிடித்தது. அதை இரண்டே சுற்றில் ஒதுக்கினார். "ரோடே ஒரு பக்கம் சாஞ்சு கெடக்குது. வண்டி இழுக்குதா, ரோடு இழுக்குதான்னு தெரியாது."

கடைசியில் அவருக்குப் பிடித்தது ஹார்பர் ட்ராக். ஒரு துறைமுகம், துருப்பிடித்த கிரேன்கள், அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகள், பார்க்க ஆளே இல்லாத மைதானம். காயலான் கடைக்குள் ஓட்டுவதுபோல் இருக்கிறதென்று ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. மட்டமான தளம். பத்து எண்ணும் அளவுக்கு ஒரு நேர்ரோடு. பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு, அதே அளவில் வலப்பக்கம் ஒன்று. "இதுல வண்டி பொய் சொல்ல முடியாதுங்க" என்றார். அதன்பிறகு விளையாட்டில் உள்ள அத்தனை கார்களையும் அங்கேதான் ஓட்டினார். எந்தக் கார் எப்படி என்று ஆடவந்தவர்கள் அவரைக் கேட்டுத்தான் சீட்டில் உட்காரத் தொடங்கினார்கள்.

அந்த வருஷம் சித்திரையில் கடையில் இரண்டு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு போட்டி வைத்தால் ஆள் வரும் என்று சுமதி சொன்னாள். வைத்தோம். ஆள் வந்தது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பிரபா என்ற பெண் ஒரு வேன் நிறைய நண்பர்களோடு வந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் தோற்கடித்து இறுதிக்கு வந்துவிட்டாள். இந்தப் பக்கம் சுமதி. சுமதி ஒன்றாம் சீட், பிரபா மூன்றாம் சீட், சிட்டி ட்ராக், மூன்று பந்தயம்.

முதல் இரண்டிலும் சுமதி ஜெயித்தாள். பிரபா இரண்டு முறையும் ஒரே வளைவில் சுவரில் உரசினாள். அவள் எழுந்து நின்றாள்.

"இந்த சீட்டு இழுக்குது. உங்க வீட்டம்மா சீட்டு மட்டும் நல்லா இருக்கு. இது என்னங்க நியாயம்?"

வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான். இன்னொருவன் போய்க் கதவோரம் நின்றான். சுமதி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் ஒருவர் அந்த மூன்றாம் சீட்டைப் பற்றி இதையேதான் சொன்னார். நான் ஒரு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். சரியானதா என்று பார்க்கவில்லை.

யாராவது பொதுவான ஆள் பார்க்கட்டும் என்றார்கள். கூட்டத்தில் இருந்த எங்களூர்க்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக அலைன்மென்ட் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

"அவரு உங்க ஊரு ஆளு" என்றாள் பிரபா.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். "நான் ஊரைப் பாக்கமாட்டனுங்க, வண்டியத்தான் பாப்பேன். ரெண்டு சீட்லயும் ஒரே காரு போடுங்க."

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். "அண்ணா, போட்டி நடந்த சிட்டி ட்ராக்லயே பாத்துருங்க. அதுதான் பொருத்தம்."

சாய்ந்த ரோட்டில் எது இழுக்கிறது என்று தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகிற லாரியைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹார்பர் போடுங்க சாமி" என்றார்.

போட்டேன்.

முதலில் ஒன்றாம் சீட். நேர்ரோட்டில் வேகம் பிடித்து, கையை எடுத்தார். "எண்ணுங்க" என்றார். எல்லோரும் எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கார் நூல் பிடித்ததுபோல் போனது. பத்துவரை அசையவில்லை.

பிறகு மூன்றாம் சீட். கையை எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றுவரை நேராகத்தான் போனது. எனக்கு மூச்சு வந்தது. நாலாவது எண்ணும்போது காரின் மூக்கு லேசாக இடப்பக்கம் திரும்பியது. ஐந்து. ஆறு. சிலர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். ஏழில் இரும்புப் பெட்டிமேல் மோதி நின்றது.

"அந்தப் புள்ள சொன்னது நெசமுங்க. இழுக்குது" என்றார் அண்ணன்.

கதவோரம் நின்றவன் இரண்டடி முன்னால் வந்தான். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறப்பதற்குள் சுமதி எழுந்துவிட்டாள். "ரெண்டு ஆட்டமும் செல்லாதுங்க. சீட்டச் சரி பண்ணினதுக்கப்புறம் மொதல்ல இருந்து ஓட்டலாம். நான் மூணுல உக்காந்துக்கறேன்."

அண்ணன் தரையில் படுத்து, ஸ்டியரிங்கின் அடிப்பலகையைக் கழற்றி, அரைமணி நேரம் எதையோ தட்டினார், முறுக்கினார். ஒருவரும் போகவில்லை. மறுபடி ஹார்பரில் ஓட்டி, பத்து எண்ணிக் காட்டினார். பிறகு ஆட்டம் நடந்தது. ஆளுக்கொன்று ஜெயித்து, மூன்றாவதில் பிரபா ஒரு கார் நீள வித்தியாசத்தில் ஜெயித்தாள். போகும்போது சுமதியின் கையைப் பிடித்து, "நீங்க நல்லா ஓட்டுறீங்க அக்கா" என்றாள். என் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள்.

ராத்திரி ஸ்க்ரூ கதையைச் சுமதியிடம் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை. தப்பு என்னுடையது என்பதால் கோபம் இன்னும் அதிகமாக இருந்தது. அவரும் மாடிக்கு வரவில்லை.

அந்தப் போன் வீடியோ எப்படியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒருவர் கையை விட்டுவிட்டு கார் ஓட்ட, ஒரு கூட்டமே எண்ணுகிற படம். ராசிபுரத்திலிருந்தும் பரமத்தி வேலூரிலிருந்தும் ஆள் வந்தது. "இங்க ஏமாத்தமாட்டாங்களாமே" என்று ஒருவர் கேட்டபோது எனக்குக் கூசியது. அன்றைக்கே பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார்.

"அண்ணா, சிட்டி ட்ராக் போடச் சொன்னேன்ல..."

"ட்ராக் தேர்ந்தெடுக்கறதுல எல்லாருக்கும் ஒரு ருசி இருக்குதுங்க" என்று வேனுக்கு அடியிலிருந்தே சொன்னார். "உங்க வீட்டு அம்மிணி கோவமா இருக்குதா?"

"உங்கமேல இல்லீங்க. என்மேலதான்."

"செரி, மத்தியானம் வாரேன்."

வந்தார். இன்றும் வந்துகொண்டிருக்கிறார்.

போன வாரம் விளையாட்டில் புதிதாக ஒரு கார் வந்தது. அண்ணன் தன் மகளைப் பார்க்க இளம்பிள்ளைக்குப் போயிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காரைக் கேட்கிறார்கள். சுமதி எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறாள். "அத இன்னும் அலைன்மென்ட் அண்ணன் ஓட்டிப் பாக்கலைங்க." நேற்று கடை காலியாக இருந்தபோது நானே அந்தக் காரை எடுத்து ஹார்பரில் நிறுத்தினேன். ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை. அவர் பக்கத்தில் இல்லாமல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை.