சுருளாசுர வதம்

வாழ்க அவ்வீராங்கனை! சூட்டில் உருகும் பொருள்களோடு ஆறாண்டுக் காலம் உருகாமல் பொருதவளும், எடுத்த காரியத்தில் ஒட்டிக்கொண்டால் உரித்தாலும் வராதவள் என்பதனால் ஆய்வுக்கூடத்தாரால் ‘பிசின்’ எனப் பட்டம் சூட்டப்பெற்றவளும், கருகிய கையுறைகளின் காவலாளியும், மூச்சுவிட மறந்த அச்சு இயந்திரத்தை ஒரே அறையில் உயிர்ப்பித்த உள்ளங்கை உடையவளுமாகிய அம்மங்கை நல்லாளை முதற்கண் வணங்கி, அவள் ஒரு போஸ்டரோடு புரிந்த பெரும்போரை இங்கே உரைக்கத் துணிகிறோம். நாவே, தடுமாறாதே! கேட்போரே, பாதியில் எழுந்து போகாதீர்!

அன்று ஆய்வு நிறுவனத்தின் பெருமண்டபத்தில் கண்காட்சி நாள். வரிசை வரிசையாய் நின்ற பலகைகள்தோறும் அறிவுலகின் அத்தனை குலத்தாரும் தத்தம் கொடியேற்றி நின்றனர். எலும்பின் உள்ளறைகளை எண்ணியவர் ஒருபுறம், எரிமலையின் இருமலைப் பதிவு செய்தவர் மறுபுறம். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டும் பாசியை விரட்டும் வழி கண்டோரும், கொசுவுக்கு எந்த நிறக் காலுறை பிடிக்கும் எனத் தெளிந்தோரும், ‘தள்ளு’ என்று எழுதியிருக்கும் கதவை மாந்தர் ஏன் இழுக்கின்றனர் என்பதைத் தூணுக்குப் பின்னே ஒளிந்திருந்து கண்டறிந்தோரும், தத்தம் முடிவுகளை வண்ண வண்ணமாய் அச்சிட்டு, தத்தம் பலகையில் தொங்கவிட்டு, ஒருவர் பலகையை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்து, ‘இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா’ என்று உள்ளூரப் பொருமி நின்றனர்.

நடுவரும் பரிசும் பிறர்க்காகுக! பிசின் காத்திருந்தது தன் அக்காவுக்காக. அந்த அக்கா யார்? அழகு நிலையமொன்றின் மூன்றாம் நாற்காலிக்கு அரசி. சூடேறிய இடுக்கியைச் செங்கோலாய் ஏந்தி, அடங்காத கூந்தல்களை அடக்கியாண்டவள். தாயில்லா வீட்டில் தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளும் அவளே. அவள் ஆறாண்டுகளாய்க் கேட்டு வந்த கேள்வி ஒன்று உண்டு: “நீ அங்க என்னதான்டி பண்றே?” ஒவ்வொரு முறையும் நம் தலைவி நெஞ்சு நிமிர்த்தி, “பலபடிச் சேர்மங்களின் வடிவ நினைவு மீட்சி” என்று முழங்குவாள். ஒவ்வொரு முறையும் அக்கா, “ஓ, அப்படியா” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விடுவாள். அந்த ‘அப்படியா’ தங்கையின் நெஞ்சில் தைத்த முள்ளாய்க் கிடந்து, படுத்தாலும் உறுத்தியது, எழுந்தாலும் உறுத்தியது.

ஆகவேதான் இம்முறை அவள் போஸ்டரை அக்காவுக்கென்றே செய்தாள். பெரிய பெரிய எழுத்து, பத்திக்கொரு படம், படத்துக்கொரு அம்புக்குறி. அக்காவோ அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தாள். மதியம் ஒரு மணப்பெண் தலையை விரித்துப்போட்டுக் காத்திருப்பாள். அதற்குள் வந்து, பார்த்து, புரிந்துகொண்டு போக வேண்டும். இந்த நாளை விட்டால் இனி எப்போது விடுப்புக் கிடைக்குமோ, யார் கண்டார்?

உருளைப் பெட்டியின் மூடியைத் திறந்தாள் பிசின். உள்ளிருந்து வெளிப்பட்டான் பகைவன்! பளபளக்கும் பிளாஸ்டிக் மேனியன், நீர்பட்டாலும் நனையாதவன், கிழித்தாலும் கிழியாதவன், விரித்தால் விரிவதுபோல் பாசாங்கு செய்து, கைவிட்ட கணத்திலே ‘சர்’ரென்று சுருண்டு முகவாயில் அறையும் வஞ்சகன், சுருளாசுரன் என்னும் பெயருக்கு முற்றிலும் உரியவன். மேலிரு மூலைகளில் அவள் பின் குத்தினாள். கீழ்ப்பாதி கிளம்பி மேற்பாதியைத் தழுவிக்கொண்டது. கீழிரு மூலைகளில் குத்தினாள். மேற்பின்கள் இரண்டும் வில்லிலிருந்து விடுபட்ட கணைகளாய்ப் பறந்து, ஒன்று எரிமலையார் தோளிலும் மற்றொன்று யாரோ ஒருவரின் பிஸ்கட்டிலும் போய் விழுந்தன.

இந்த அமளி கண்டு அண்டை நாட்டு மன்னர் மூவர் உதவிக்கு எழுந்தனர். முதலில் வந்தவர் பாலங்களின் அதிர்வை ஆராய்ந்த பாலத்தார். “மெல்லியது ஆடும், ஆடுவதை இருபுறமும் இழுத்துக் கட்டுக! இது எம் கண்டுபிடிப்பு!” என்று பறைசாற்றி, நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, இரண்டைத் தன் பலகையிலும் இரண்டை எதிர்ப் பலகையிலும் முடிந்தார். சுருளாசுரன் ஒரே ஒரு முறை மூச்சை உள்ளிழுத்தான். பாலத்தாரின் பலகை, அதில் தொங்கிய மூன்று பாலங்களோடு, குப்புற விழுந்தது. அவர் தன் பாலங்களைப் பொறுக்கக் குனிந்தார்.

அடுத்து எழுந்தவர் பூச்சிகளின் சிறகை ஆராய்ந்த சிறகார். “தும்பியின் சிறகு மடிப்பினால் அன்றோ விறைத்து நிற்கிறது! இத்தாளையும் விசிறிபோல் மடித்துவிடுக!” என்று மொழிந்து மடிக்கவே குனிந்தார். தன் படங்கள் மடிப்புக்குள் சிக்குவதை எண்ணிய பிசின், கன்றைக் காக்கும் பசுபோல் குறுக்கே பாய்ந்து அவரை முட்டி விரட்டினாள். மூன்றாமவர் நாற்காலி வடிவமைக்கும் நாற்காலியார். அவர் கிட்டே வரவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே கால்மேல் கால் போட்டு, “மனித முதுகே வளைவைத்தான் விரும்புகிறது என்று நிறுவியுள்ளேன். வளைவோடு சமாதானம் செய்துகொள்” என்று அருளுரை வழங்கினார். அவருக்கென்ன, அவர் போஸ்டர் துணியில் அச்சானது.

ஆயுதம் எல்லாம் ஒழிந்த நிலையில், நம் தலைவி தன் உடம்பையே ஆயுதமாக்கினாள். இரு கைகளையும் அகல விரித்து, முழங்காலால் கீழ்மூலையை அழுத்தி, நெற்றியால் தலைப்பைத் தாங்கி, மூக்கு நசுங்க, பகைவனை மார்போடு அணைத்துப் பலகையோடு பலகையாய் நின்றாள். போஸ்டர் விரிந்துதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வரியும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வேளை பார்த்தா அக்கா வந்து சேர வேண்டும்!

“ஏய், என்னடி இது, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறே?”

“அக்கா, பேசாம அந்த மூலையப் புடி!”

கைப்பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு அக்கா மூலையைப் பிடித்தாள். தங்கையின் விழிகளோ, வேறு போக்கிடமின்றி, மூக்குக்கு நேரே இருந்த இரண்டாம் பத்தியில் விழுந்தன. அது அவளே எழுதிய பத்தி. அவளுடைய ஆறாண்டுத் தவத்தின் முடிவு. ‘சூட்டில் வளைத்து, வளைத்தபடியே ஆறவிட்டால், இவ்வகைப் பிளாஸ்டிக் அந்த வளைவை மறப்பதில்லை.’ படித்தாள். மறுபடியும் படித்தாள். மண்டைக்குள் ஆயிரம் சங்குகள் ஒருசேர ஊதின. நனையாமல் இருக்கட்டும் என்று இதே வகைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டவள் யார்? ஈரம் படாமல் இருக்கட்டும் என்று உருளைப் பெட்டியோடு வெயில் காயும் ஜன்னலோரத்தில் ஒரு வாரம் வைத்தவள் யார்? பகலெல்லாம் சூடு காட்டி, இரவெல்லாம் ஆறவிட்டு, இவ்வசுரனைச் சுருள்வதற்குப் பழக்கியவள் யார்? அந்தோ, சுருளாசுரன் அவள் பெற்ற பிள்ளை! அவளுடைய ஆராய்ச்சி உண்மை என்பதற்கு அவனைவிடச் சிறந்த சான்று இம்மண்டபத்தில் வேறொன்றும் இல்லை. வெட்கமும் பெருமையும் ஒன்றாய்ப் பொங்கி, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாய்லர்!” என்று அவள் வீறிட்டதில் எரிமலையாரே திடுக்கிட்டார்.

தாழ்வாரத்தின் கோடியில், ஆவி கக்கும் திருமேனியோடு, இடுப்புயரத்தில் வீற்றிருந்தது டீ பாய்லர். அதன் முன்னே அறிஞர் பெருமக்கள் கோப்பையேந்திக் காத்து நின்றனர். அவ்வரிசையைப் பிளந்துகொண்டு அக்காவும் தங்கையும் பாய்ந்தனர். எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிய, சுருண்ட திசைக்கு நேர் எதிராய்ப் போஸ்டரை வளைத்து, பாய்லரின் மேனியில் அதைச் சுற்றி இறுக்கினாள் பிசின். குழாய்க்கு மேலே ஒரு முனையை அக்கா பிடித்தாள். மறுமுனையைத் தங்கை பிடித்தாள்.

“மேடம், இது டீ பாய்லர். உங்க லேப் இல்ல” என்றார் டீ மாஸ்டர்.

“அண்ணே, கொஞ்ச நேரம்தாண்ணே. அதுக்குள்ள யாரும் மயங்கி விழுந்துட மாட்டாங்க” என்றாள் அக்கா. பிறகு தங்கை பக்கம் திரும்பி, “எதுக்குடி உள்ள இருந்தத வெளிய வச்சுச் சுத்துறே?” என்று கேட்டாள்.

தங்கைக்கு மூச்சு வாங்கியது. கைகள் சூட்டில் துடித்தன. பலபடிச் சேர்மம் என்று சொல்லவும் தெம்பில்லை.

“டப்பாக்குள்ள வெயில்ல சுருண்டு கெடந்துச்சுக்கா. அத அப்படியே ஞாபகம் வச்சிருக்கு. இப்ப எதிர்ப்பக்கமா வளச்சு, சூடு காட்டி, புடிச்சபடியே ஆறவிட்டா மறந்துரும்.”

அக்கா காலை நீட்டி, செருப்பு நுனியால் சுவரோரத்து ஸ்விட்சைத் தட்டி பாய்லரை அணைத்தாள்.

ஐயகோ, அப்போது எழுந்த ஆரவாரத்தை எந்நாவால் உரைப்போம்! தேநீர் இழந்த அறிஞர் சேனை கோப்பைகளைக் கரண்டியால் தட்டிப் போர்முரசு கொட்டியது. எலும்பர் உறுமினார், கொசுக்காரர் காதருகே வந்து ரீங்கரித்தார், கப்பற்பாசியார், “டீ இல்லாமல் அறிவியல் இல்லை!” என்று பிரகடனம் செய்து தரையில் அமர்ந்துவிட்டார். அக்கா அசையவில்லை. கைப்பையை மார்புக்கு முன்னே கேடயமாய்த் தூக்கி, புருவத்தை ஒருமுறை உயர்த்தினாள். அடம்பிடிக்கும் தலைகளை ஆயிரக்கணக்கில் குனியவைத்த புருவம் அது. சேனை இரண்டடி பின்வாங்கியது. வேறு வேலையில்லாத அறிஞர்கள் பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் வயிற்றில் அச்சேறியிருந்ததைப் படிக்கத் தொடங்கினர். முடிவுரை சுவர்ப்பக்கம் மாட்டிக்கொண்டதால் அதைப் படிக்க விரும்பியவர்கள் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டனர். நடுவர் மூவரும் டீ தேடி வந்து, நிலைமையைக் கண்டு, அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டனர். பரிசு பின்னர் சிறகாருக்குப் போனது. அவருக்கே அது ஆச்சரியம்.

ஆறியது பாய்லர். ஆறியது தாள். பிசின் போஸ்டரை உரித்தெடுத்து, மண்டபத்துக்கு ஏந்திச் சென்று, பலகையில் சாத்தி, நான்கு மூலைகளிலும் பின் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாள். சுருளாசுரன் ஒரு கணம் நெளிந்தான். பழைய நினைவுகளைத் தேடினான். எதுவும் அகப்படாமல், விரித்த பாய்போல் தட்டையாய்ப் படிந்து கிடந்தான். வீழ்ந்தான் பகைவன்! அதிர்ந்தது மண்டபம்! பாலத்தார் கூட நிமிர்த்திவைத்த தன் பாலங்களை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

வென்ற மங்கை பெருமிதத்தோடு திரும்பி, “அக்கா, இப்ப படி” என்றாள். அக்காவோ போஸ்டரைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் அத்தான்.

“என்னங்க, இவ என்ன பண்றான்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்கல்ல? பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் இருக்காம். நான் முடியச் சூட்டுல சுருட்டி ஆறவிட்டா அப்படியே நிக்குதுல்ல, அதேதான். அத மறக்க வைக்கவும் அதே சூடுதான் வேணுமாம். ஆமா, இவதான் கண்டுபுடிச்சிருக்கா. என் கண்ணு முன்னாடி பண்ணிக் காட்டினா.”

விண்ணோர் மலர் தூவுக! திசையானைகள் பிளிறுக! ஆறாண்டு முள் அக்கணமே கழன்று வீழ, கண்ணீர் முட்ட, கருகிய கையுறைகளின் காவலாளியும், அசுரனைப் பெற்று அசுரனை வென்றவளும், டீ மாஸ்டரின் சாபத்துக்கு இனி என்றென்றும் ஆளானவளுமாகிய நம் தலைவி, வெற்றித்திருமகளே நேரில் வந்து நின்றதுபோல் தன் தமக்கையை நோக்கி நின்றாள்.

அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லடி” என்றாள்.