சாடியின் கழுத்து

மனைவியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று 1958-ஆம் வருஷம் ஆடி மாதம் முதல் தேதி முடிவு செய்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் நான் கண்ட வெற்றி ஒன்றே ஒன்று. முகூர்த்தத்தன்று அவளுக்கு முன்னால் போய் மணையில் உட்கார்ந்தேன்.

நான் கன்னியப்பன். மேரியில் வேலை. வெளியூர்க்காரர்கள் உடனே "யாரு அந்த மேரி?" என்று கண்ணடிப்பார்கள். புதுச்சேரியில் நகரசபைக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர் அது. எனக்கு அங்கே எழுத்தர் உத்தியோகம்.

விஷயம் என்னவென்றால், என் மனைவி தையல்நாயகிக்குப் பிறந்த ஊர் அரியாங்குப்பம். மூன்றே மைல். வீராம்பட்டினம் தேர் வந்தால் பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பத்து நாளும் என் சமையல். போன வருஷம் நான் வைத்த ரசத்தை மோந்து பார்த்த பூனை, தெருவையே மாற்றிக்கொண்டு போய்விட்டது.

"காலைல போயி தேர் பாத்துட்டு சாயந்திரம் வரலாமே?" என்றேன்.

"தேரு நவுந்து நவுந்துதானே வரும்? நானும் அப்பிடித்தான் வருவேன்."

"உனக்கு உலகம் தெரியல, தையலு."

"நீங்க காட்டலியே."

பிடித்துக்கொண்டேன். "காட்டறேன். வர்ற ஞாயித்துக்கிழமை கடற்கரைப் பக்கம் மியூசியத்துக்குப் போறோம். அங்க இருக்கறதுல எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு நீ சொல்லு. பத்து நாள் போய்ட்டு வா. சொல்லலைன்னா இந்த வருஷம் வூட்டோட இருக்கணும்."

"மீசியம்னா?"

"பழைய சாமானெல்லாம் பத்திரமா வெச்சிருப்பாங்க."

"அதான் நம்ம பரண்மேலயே கெடக்குதே" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப அடக்கமாக. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் மியூசியத்துக்கு ஓடினேன். பழைய பிரெஞ்சு வியாபாரி ஒருத்தருடைய மாளிகை. மூன்று அறை. காப்பாளர் சிராஜுதீன் பாய். எல்லாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்; 'ஐயா' மாதிரி. அட்டையெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நெட்டுருப் போட்டேன். நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "தச்சுட்டேன் முசே" என்று உதட்டைக் கிள்ளிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் அறை. பஞ்சாலையிலிருந்து வந்த பழைய இயந்திரம்.

"இது நூல் நூக்கற மிஷின். நூறு பொம்பளைங்க வேலைய ஒண்ணே செய்யும்."

"பேசுமா?"

"மிஷின் எப்பிடிடி பேசும்?"

"அப்ப நூறு பேரு வேல என்னா, எரநூறு பேரு வேலயும் செய்யும்."

இரண்டாவது அறை. பாடம் பண்ணின முதலை.

"உள்ள என்னாங்க வெச்சிருக்காங்க?"

"வைக்கோல்."

"முதலைக்கு வைக்கோல் செரிக்குமா?"

"செத்துப்போன முதலைக்கு எது செரிச்சா உனக்கு என்னா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்களேன். ஏன் கோவப்படறீங்க?"

சிராஜுதீன் பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

மூன்றாவது அறை அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த சாமான்கள். நடுவில் இரும்பு வளையத்தில் கூரான அடியோடு ஒரு சாடி நின்றது. என் பாடத்தில் இதுதான் உச்சம்.

"தையலு, இது ரோமாபுரிலேருந்து கப்பல்ல ஒயின் வந்த சாடி. கழுத்துல ஒரு சில்லு இல்ல, பாத்தியா? ரெண்டாயிரம் வருஷம்! காலம் கடிச்ச கடி அது!"

"இல்லீங்க" என்றாள் மெதுவாக. "அது பதினோரு வருஷத்துக்கு மின்ன ஒடஞ்சது."

"எவன் சொன்னான்?"

"ஒடச்சதே நாந்தாங்க."

பாய் ஒரே பாய்ச்சலாகத் திரும்பினார். தையல்நாயகி நிதானமாகச் சொன்னாள். பிரெஞ்சுக்காரத் துரை அரிக்கமேட்டில் குழி வெட்டும்போது, அரியாங்குப்பத்துப் பெண்கள்தான் மண் சுமந்தார்கள். அவளுக்கு அப்போது பதினாறு வயசு. மம்மட்டி வைத்திருந்தவள் தண்ணி குடிக்கப் போனாள். இவள் அதை எடுத்து ஒரு போடு போட்டாள். கழுத்து மூன்று சில்லாகத் தெறித்தது.

"ரெண்டத்தான் ஒட்ட வெச்சாங்க. தொர தொப்பிய கீழ போட்டு மிதிச்சாரு."

பாய் உள்ளே ஓடி, பழைய பிரெஞ்சு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து புரட்டினார். "மூணாவது சில்லு காணலைன்னு எழுதியிருக்கு முசே!"

"எங்கம்மா வூட்ல தண்ணிப் பானை ஆடாம இருக்க அடியில அண்ட குடுத்திருக்கு. பயந்துபோயி மடியில கட்டிகினு வந்துட்டேன்."

"ஏழு வருஷமா ஏண்டி சொல்லல?"

"மண்ணு சொமந்த பொண்ணுன்னா உங்கம்மா வாணாம்பாங்கன்னு எங்கப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அப்பறம் நீங்களும்தான் ஒரு நாளு கேக்கலியே, கல்யாணத்துக்கு மின்ன நீ என்னா பண்ணேன்னு."

நிஜமாகவே நான் கேட்டதில்லை.

"சரி, இந்தச் சாடி இங்க இருக்கறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன மாசம் பக்கத்து வூட்டு அமிர்தவல்லியோட வந்து பாத்தேனே."

"ஆமா முசே" என்றார் பாய். "மதாம் அன்னிக்கு இது கிட்டயே ஒரு மணி நேரம் நின்னாங்க. உங்க வூட்டம்மான்னு எனக்குத் தெரியாதே!"

'மீசியம்னா?' என்று கேட்டவள் இவள்தான்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சில்லு வந்தே ஆகணும். இவங்கள அனுப்பி வைங்க முசே."

"நான் சைக்கிள்ல போயி அரைமணில எடுத்தாறேன்!"

"எங்கம்மா வூட்ல பான பதினாறு. அண்ட குடுத்த சில்லு அம்பது" என்றாள் தையல்நாயகி. "உங்களுக்குச் சட்டி எது, சாடி எதுன்னு தெரியுமா? நாந்தான் போயி ஒவ்வொண்ணா கழுவிப் பாக்கணும். பத்து நாள் ஆவும்."

"பத்து நாளா?"

"நடுவுல தேரு வேற வருது. பதினஞ்சுன்னு வெச்சிக்குங்க."

பாய் அதற்குள் புது அட்டையும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மேரில எழுத்து வேலதானே? தமிழ்ல நீங்களே எழுதிடுங்க முசே."

அவள் சொன்னாள். நான் எழுதினேன். சாடி வந்த கதை, குழியின் ஆழம், கழுத்து உடைந்த விவரம், உடைத்தவர் அரியாங்குப்பம் தையல்நாயகி அம்மாள்.

"எழுதினவர் பேர் வேணாமா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, இடமில்லை என்றார்கள்.